பேர்ண் நேரம்

கட்டுநாயக்காவில் இரண்டு பொலிஸ்காரர்
என்னை வேறு இரண்டு பொலிஸ்காரரிடம்
கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைத்தார்கள்,
பதிவுத் தபால் மாதிரி.
ஜூலை பதினாறு. நல்ல வெயில்.
மணிக்கூட்டை மாற்றவில்லை.

அரியாலையில், அக்கா வீட்டில்,
விடிய ஆறரைக்குத் தேத்தண்ணி வரும்.
மணிக்கூட்டில் மூன்று:
என் அறைக்குக் கீழே பேக்கரியில்
மாப்பிசையும் மெஷின் தொடங்கும் நேரம்.
சுவர் அதிரும். பத்து வருஷமும் நாலு மாதமும்
அந்த அதிர்வில் புரண்டு படுத்திருக்கிறேன்.
மத்தியானம் சோறு போடுவாள்.
அங்கே இன்னும் பசிக்கிற நேரமில்லை.

ஆவணி முடிய, பெரியாஸ்பத்திரி.
நிரஞ்சலா மிஸ் கிளினிக் கொப்பியில்
ஆங்கிலத்தில் ஏதோ எழுதினா.
என்ன எழுதினீங்கள்?
"இசைவாக்கக் கோளாறு."
சிரித்தேன். ஜூலைக்குப் பிறகு முதல் சிரிப்பு,
நல்ல சிரிப்பில்லை.
எதுக்கு இசைய வேணும் மிஸ்?
என்னை ஏற்றி அனுப்பின நாட்டுக்கோ,
"எப்ப திரும்பிப் போறாய்" எண்டு
ஒழுங்கை முழுக்கக் கேட்கிற சனத்துக்கோ?
அவ பதில் சொல்லவில்லை.
பேனாவை மூடி வைத்தா.
அது எனக்குப் பிடித்தது.

பிறகு ஒரு தாள். பூச்சியத்திலிருந்து பத்து.
கவலை எத்தனை: எட்டு.
நித்திரை எத்தனை: இரண்டு.
கடைசிக் கேள்வி விளங்கவில்லை.
"கவலை இருக்கத்தக்கதாக,
செய்ய நினைத்ததைச் செய்ய முடிகிறதா?"
கவலை போன பிறகுதானே மிஸ்?
"இருக்கத்தக்கதாக" என்றா திரும்பவும்,
அந்தச் சொல்லுக்குக் கீழே கோடிழுத்து.
பூச்சியம் போட்டேன்.

செவ்வாய்க்குச் செவ்வாய்.
ஒரு கிழமை வாய் திறக்கவில்லை,
மின்விசிறியைப் பார்த்துவிட்டு வந்தேன்.
ஒரு கிழமை அளவுக்கு மிஞ்சிக் கதைத்தேன்:
ஏஜென்சிக்காரன், வட்டி, வெள்ளிக்கிழமைகளில்
போன் எடுத்தவள், இப்போது எடுக்காதவள்.
மணிக்கூட்டைக் கழற்று என்று சொல்லுவா எனக் காத்திருந்தேன்,
சண்டைக்கு ஆயத்தமாக.
சொல்லவேயில்லை.
"அங்க இப்ப எத்தினை மணி?" உடனே சொல்லுவேன்.
"இங்க?" அதுக்குத்தான்
விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு, விடிய, மழை.
அங்கே மூன்று மணியை இரண்டாக்கும் நாள்.
கட்டிலில் இருந்தபடி முள்ளைப் பின்னுக்குத் திருப்பினேன்.
பாதியில், திருப்புகிற விரலைப் பார்த்தேன்.
மாற்றமாட்டேன் என்று அடம்பிடிக்கிறவன்
அந்த அடத்தைக் காப்பாற்ற
மாற்றிக்கொண்டிருக்கிறான்.
அங்கே வங்கி, ரயில், மலையடிவாரத்து மாடு,
எல்லாம் ஒரு மணித்தியாலம் பின்னுக்குப் போகிறது.
ஒருவருடைய கொப்பியிலும்
ஒரு கோளாறும் எழுதவில்லை.

எட்டாவது செவ்வாய், அதே தாள்.
கவலை, ஏழு.
எட்டுக் கிழமைக்கு ஒன்று.
மிஸ் அதைத் தூக்கிப் பிடிக்கவுமில்லை, மறைக்கவுமில்லை.
ஏழு என்றால் ஏழுதான். யாழ்தேவி கூவினால்
எனக்கு இன்னும் நெஞ்சு இறுகும்,
பேர்ண் ஸ்டேசனில் என்னை மறித்த நாள்போல.
கடைசிக் கேள்விக்கு நாலு போட்டேன்.
அழித்து ஐந்து. பிறகு திரும்பவும் நாலு.

அதுக்குக் காரணம் அத்தானின் பேக்கரி.
முதல்நாள் ஏழோடுதான் போனேன்,
ஏழும் கூடவே மாவில் கைவைத்தது.
நாற்பது இறாத்தல் பாண் கருகியது.
அத்தான் ஏசினார், பிழையில்லாமல்.
அடுத்த நாளும் போனேன்.

இன்று விடிய, வேலை முடிந்து வெளியே வர,
கண்டி வீதியில் பஸ்சுக்கு நின்ற நேர்ஸ்பிள்ளை கேட்டாள்:
"அண்ணை, நேரம் என்ன?"
மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்றே முக்கால்.
"ஆறேகால்" என்றேன்.
பஸ் வந்தது, ஏறிவிட்டாள்.
கூட்டிப் பார்த்தேனா?
கூட்டினதாக ஞாபகமில்லை.
மா காய்ந்த கையோடு
கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.